விமானத்தில் துரு எங்கே பிடிக்கும்? மாதிரி செய்வோருக்குக் கேள்வி பதில்

கைவிடப்பட்ட போர் விமானம் ஒன்றை, அது கிடக்கும் நிலத்தோடு சேர்த்துச் சிறிய அளவில் செய்வது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியப் போர் விமானமான ஹரிக்கேனைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையிலிருந்தும், கொழும்பு 7 குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் எழுந்து போரிட்டவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள்தான். அதனால் 1/48 அளவு (உண்மையான விமானத்தின் 48இல் ஒரு பங்கு) ஹரிக்கேனை உதாரணமாக வைத்தே அளவுகளைத் தருகிறோம்.

1/72 கிட் மலிவாக இருக்கிறது. அதில் தொடங்கலாமா, 1/48 வாங்குவதா? பலகை எவ்வளவு பெரிதாக வேண்டும்?
*வாசகர், வெள்ளவத்தை*

பறக்கும் நிலையில் இருக்கும் விமானம் என்றால் 1/72 போதும். கைவிடப்பட்ட விமானத்துக்கு 1/48 வாங்குங்கள். இந்த வேலையில் பிளாஸ்டிக்கை வெட்டி, உட்புறம் தேய்த்து மெல்லியதாக்கி, உள்ளே சட்டங்கள் கட்ட வேண்டியிருக்கும். 1/72 இல் அந்தச் சட்டங்கள் தலைமுடி அளவுக்கு வந்துவிடும். முதல் முயற்சியிலேயே கையும் கண்ணும் சோர்ந்துவிடும்.

ஹரிக்கேனின் இறக்கை அகலம் 12.19 மீற்றர். 1/48 இல் அது 25.4 சென்ரிமீற்றர், நீளம் ஏறக்குறைய 20.5 சென்ரிமீற்றர். பலகை 35க்கு 30 சென்ரிமீற்றர் இருந்தால் அளவாக இருக்கும். அதைவிடப் பெரிய பலகை எடுத்தால் வெற்று நிலத்தை நிரப்பவே பாதி வேலை போய்விடும். விமானத்தைப் பலகையின் ஓரத்துக்கு இணையாக வைக்காமல் 15 முதல் 20 பாகை திருப்பி வையுங்கள். ஒரு இறக்கை நுனி பலகையின் விளிம்பைத் தாண்டி ஒரு சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

எம்.டி.எஃப் பலகையின் ஆறு பக்கமும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்த பிறகே மண் வேலை தொடங்க வேண்டும். மேற்பக்கம் மட்டும் ஈரமானால் பலகை கிண்ணம் போல வளையும். வளைந்ததைத் திருப்பி நிமிர்த்த முடியாது.

விமானம் முழுவதும் துரு நிறம் அடித்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் "பழைய பஸ் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். எங்கே பிழை?
*வாசகர், தெஹிவளை*

அவர்கள் சொல்வது சரி. பஸ்ஸின் உடல் இரும்புத் தகடு, அதனால் செம்பழுப்பாகத் துருப்பிடிக்கும். விமானத்தின் தோல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியத்தில் செந்துரு வராது. அது முதலில் பளபளப்பை இழந்து மங்கிய சாம்பல் நிறமாகும். பிறகு ஆணித் தலைகளைச் சுற்றியும் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகளிலும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பொடி பூக்கும். கடற்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆகவே நிறத்தைக் கையில் எடுக்கும் முன், எந்தப் பாகம் எந்தப் பொருளால் ஆனது என்று ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹரிக்கேனுக்கு இது மிக அவசியம், ஏனென்றால் அது ஒரே பொருளால் ஆன விமானம் அல்ல. மூக்கிலிருந்து விமானி அறை வரை அலுமினியத் தகடுகள். விமானி அறைக்குப் பின்னால், உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரத்தாலான வடிவச் சட்டங்களும் நீளவாட்டுக் குச்சிகளும், அவற்றின் மேல் டோப் (துணியை இறுக்கிக் காக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) பூசி இறுக்கிய லினன் துணி. ஹரிக்கேனின் பிந்திய வகையான மார்க் 2 இன் இறக்கைகள் உலோகத் தோல் கொண்டவை. ஆனால் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான்களும் வால் பகுதியும் துணி போர்த்தவை.

இந்த நான்கும் நான்கு விதமாக அழியும். அலுமினியம் சாம்பலாகும். எஃகாலான இயந்திரத் தாங்கி, சக்கரக் கால்கள், புகைக்குழாய்கள், திருகாணிகள் ஆகியவற்றில் மட்டும் செந்துரு வரும். மரம் வெளிறி, நீளவாட்டில் வெடித்து, பிறகு உளுத்துப்போகும். துணிதான் எல்லாவற்றுக்கும் முன்பாகப் போய்விடும். அதுவும் வெயில் படும் மேற்பக்கம் முதலில் கிழியும், நிழலில் இருக்கும் அடிப்பக்கம் பின்னர் கிழியும். மேலே எலும்புக்கூடு தெரிய, வயிற்றுப் பகுதியில் துணி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டினால் விஷயம் தெரிந்தவர் உடனே நின்று பார்ப்பார்.

கிட்ட நின்று பார்க்க வேண்டிய ஓர் இடத்தையும் சொல்கிறோம். பிரித்தானிய விமானங்களில் துணிக்கு முதலில் சிவப்பு டோப் பூசினார்கள், அதன் மேல்தான் பச்சையும் மண்ணிறமும். எனவே கிழிந்த துணியின் ஓரத்தில் அரை மில்லிமீற்றர் அகலத்துக்கு மங்கிய செங்கல் நிறம் தெரிய வேண்டும். துருவுக்கென்று வாங்கிய நிறத்தை இங்கே பாவியுங்கள். அதேபோல, துணிப் பகுதிகளில் நிறம் உரிந்து வெள்ளி பளிச்சிடுவதாக ஒருபோதும் காட்டக்கூடாது. வால் சுக்கானில் வெள்ளிக் கீறல் போட்டால் துணிக்கு அடியில் தகடு இருப்பதாக ஆகிவிடும்.

மழைக் கறையின் திசையும் முக்கியம். பறக்கும் விமானத்தில் எண்ணெயும் புகையும் காற்றோடு பின்னோக்கி இழுபடும். கிடக்கும் விமானத்தில் கறை பூமியை நோக்கித்தான் வடியும். விமானம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் கறையும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப நேர் கீழே இறங்க வேண்டும். ஆகவே விமானத்தைப் பலகையில் எந்தச் சாய்வில் வைப்பது என்று முடிவு செய்த பிறகே கறை போடத் தொடங்குங்கள். சேவைக் காலத்துப் பின்னோக்கிய கறை அடியில் மங்கலாகவும், அதன் மேல் செங்குத்துக் கறை தெளிவாகவும் இருந்தால் விமானத்தின் இரண்டு காலங்களும் தெரியும்.

ஏற்கெனவே அடித்த துருவை முழுவதும் நீக்க வேண்டாம். தமியா நிறுவனத்தின் எக்ஸ்.எஃப்-16 அலுமினியம் மூன்று பங்குக்கு எக்ஸ்.எஃப்-66 வெளிர் சாம்பல் ஒரு பங்கு கலந்து உலோகத் தகடுகளுக்கு மட்டும் மெல்லிய பூச்சாக அடியுங்கள். எஃகுப் பாகங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

பின் உடலைத் திறந்து எலும்புக்கூடு காட்ட ஆசை. வெட்டினால் விளிம்பு தடிப்பாகத் தெரிகிறது. நான் பாடசாலை மாணவன், விலையுயர்ந்த உபகரணங்கள் இல்லை.
*வாசகர், கொட்டாஞ்சேனை*

விலையுயர்ந்த உபகரணம் தேவையில்லை, தம்பி. கட்டர் கத்தி ஒன்று, சாண்ட் பேப்பர், ஒரு மெழுகுதிரி, கிட்டில் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம், இவையே போதும்.

விளிம்பு ஏன் தடிப்பாகத் தெரிகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட் பிளாஸ்டிக்கின் தடிப்பு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். 1/48 இல் அது 48 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு அங்குலச் சுவர். துணி அப்படி இருக்காது. எனவே ஓட்டையின் எல்லையை பென்சிலால் குறித்து, வெட்டுவதற்கு முன்பே உட்புறத்தை 150 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டே வாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பென்சில் கோடு உள்ளிருந்து நிழலாகத் தெரியும் நிலை வந்ததும் நிறுத்துங்கள். பிறகு 400 இலக்கத்தால் மழமழப்பாக்குங்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் அழுத்தினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி நெளியும், ஆகவே தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டாமல் அதே கோட்டில் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக இழுத்தால் தானாகக் கழன்று வரும்.

குச்சிகளுக்கு, கிட் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுவாலைக்கு 2 சென்ரிமீற்றர் மேலே பிடித்து உருட்டுங்கள். நடுப்பகுதி தொய்ந்து பளபளக்கும்போது சுவாலையை விட்டு வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து இரண்டு கைகளாலும் சீராக இழுங்கள். சுவாலைக்கு மேலேயே இழுத்தால் அறுந்துபோகும். மெதுவாக இழுத்தால் தடித்த குச்சி, வேகமாக இழுத்தால் நூல். உங்களுக்கு வேண்டியது 0.4 மில்லிமீற்றர். உள்ளே இருக்கும் உலோகக் குழாய்களுக்கு 0.8 மில்லிமீற்றர் செப்புக் கம்பி நன்றாகப் பொருந்தும். பழைய மின்வயரின் உள்ளே கிடைக்கும்.

முதலில் குழாய்ச் சட்டம், அடுத்து குறுக்கு வடிவச் சட்டங்கள், கடைசியில் நீளவாட்டுக் குச்சிகள் என்ற வரிசையில் ஒட்டுங்கள். குச்சிகளில் ஒன்றிரண்டை முறித்து விடுங்கள், ஒன்றைக் காணாமல் போக விடுங்கள். துணிக்கு ரிஷ்யூ தாளைப் பிரித்து ஒற்றை மடிப்பாக எடுத்து, பைண்டர் கம்மும் தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலால் ஒட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் நேராக நிற்கும், ஆகவே ஈரமாக இருக்கும்போது ஊசியால் இழுத்துக் கிழியுங்கள். நிறம் காய்ந்த பிறகு கிழித்தால் வெள்ளை நார் தெரியும்.

மெழுகுதிரி வேலைக்கு வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தின்னர் போத்தல் அந்த மேசையிலேயே இருக்கக்கூடாது.

கழன்று தொங்கும் தகடுகளுக்கு சோடா ரின்னை வெட்டிப் பாவிக்கலாமா?
*வாசகர், மருதானை*

வேண்டாம். ரின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், 1/48 இல் அது 4.8 மில்லிமீற்றர் தடிப்பாகிவிடும். விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கவசத் தகட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். சமையலறை அலுமினியத் தாள் 0.016 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 48 ஆல் பெருக்கினால் 0.77 மில்லிமீற்றர் வருகிறது, உண்மையான விமானத் தோலின் தடிப்பும் அந்த அளவுதான். மென்மையான ரப்பர் மீது வைத்து, மை தீர்ந்த போல்பொயின்ட் பேனாவால் ஆணி வரிசையைக் குத்திய பிறகு வளையுங்கள்.

தகடு எப்படிப் போனது என்பதையும் யோசியுங்கள். மனிதர் திருகாணி கழற்றி எடுத்துப்போன இடம் நேர்த்தியான செவ்வகமாக இருக்கும், மூலைகளில் ஆணித் துளைகள் வரிசையாகத் தெரியும். கோடரியால் வெட்டி எடுத்தால்தான் கந்தலாக இருக்கும். கைவிடப்பட்ட விமானத்தில் துப்பாக்கி, வானொலி, கருவிகள், இயந்திரம் போன்றவற்றைப் படையினரே முதலில் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகுதான் ஊரார் தகட்டுக்கு வருவார்கள். இயந்திர மூடிகள் இல்லாத மூக்கும், கருவிகள் போன இடத்தில் வட்டத் துளைகளும் வைத்தால் அந்த ஒழுங்கு புரியும்.

ஹேர் ஸ்பிரே அடித்து நிறத்தை உரிக்கும் முறை எனக்குச் சரிவரவில்லை. ஒரு முறை ஒன்றுமே உரியவில்லை, அடுத்த முறை பாளம் பாளமாக வந்துவிட்டது. கல்லுப்பு முறையும் பயனில்லை.
*வாசகர், பம்பலப்பிட்டி*

உப்பிலிருந்து தொடங்குவோம். அடிப்பூச்சின் மேல் உப்புப் பரல்களை ஒட்டி, மேலே நிறம் அடித்து, பிறகு உப்பைத் தட்டி அந்த இடத்து நிறத்தை உரிப்பதே இந்த முறை. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் அந்த நிலைதான். உப்புப் பரல்கள் கூரிய விளிம்போடு நிற்காமல் இளகிப் பரவுவதால் உரிவு பூசணிக்காய் வடிவில் வரும். மூடிய குளிரூட்டப்பட்ட அறை இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஹேர் ஸ்பிரே இங்கே நன்றாக வேலை செய்யும். அடிப்பூச்சாக அலுமினிய நிறம் லெக்கர் வகையாக (தண்ணீரில் கரையாத, தின்னரில் கரையும் நிறம்) இருக்க வேண்டும், 24 மணி நேரம் காய விடுங்கள். அடிப்பூச்சும் அக்ரிலிக்காக இருந்தால் தண்ணீர் தேய்க்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும், வெறும் பிளாஸ்டிக் தெரியும். பிறகு 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சு ஹேர் ஸ்பிரே. மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம். அதன் மேல் அக்ரிலிக் நிறம், மெல்லியதாக.

உங்களுக்கு ஒன்றுமே உரியாமல் போனதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அக்ரிலிக்கை லெக்கர் தின்னரில் கரைத்திருந்தால் அது ஹேர் ஸ்பிரேயைக் கடித்துக்கொண்டு அடிப்பூச்சோடு ஒட்டிவிடும். அல்லது இரவு முழுவதும் காய விட்டிருப்பீர்கள். நிறம் அடித்து 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் உரிக்கத் தொடங்க வேண்டும். ஆகவே முழு விமானத்துக்கும் ஒரே நேரத்தில் நிறம் அடிக்காமல் ஒரு இறக்கையாக முடித்துக்கொண்டு போங்கள். பாளமாக வந்ததற்குக் காரணம் ஹேர் ஸ்பிரே தடித்துவிட்டது, அல்லது தண்ணீர் அதிகம். தூரிகையால் தண்ணீர் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, மயிரைக் குட்டையாக வெட்டிய பழைய தூரிகையால் புள்ளி புள்ளியாகக் குத்துங்கள். விமானி ஏறி இறங்கும் இறக்கை அடி, கழற்றி மாட்டும் மூடிகளின் ஓரங்கள், இறக்கையின் முன்விளிம்பு ஆகிய இடங்களில் அதிகமாகவும் மற்ற இடங்களில் மிகக் குறைவாகவும் உரிய வேண்டும். போதும் என்று தோன்றியவுடன் பளபளப்பில்லாத (மற்) வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் விரல் ஈரமே மீண்டும் உரிக்கும்.

ஸ்பிரே அடித்த மறுநிமிடம் பால் போல வெண்மை படர்ந்தது. நிறம் கெட்டுவிட்டதா?
*வாசகர், வத்தளை*

நிறம் கெடவில்லை, மழை நேரத்தில் அடித்திருக்கிறீர்கள். லெக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை ஓய்ந்த நாளில், காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் அடியுங்கள். வெண்மை படர்ந்த இடத்தில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்த தின்னரைத் தூரத்திலிருந்து மென்மையாகத் தூவினால் ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். எயார்பிரஷ் வைத்திருப்பவர்கள் கொம்பிரசரின் நீர் வடிகட்டியை ஒவ்வொரு அமர்விலும் திறந்து வடித்துவிடுங்கள். வாகனங்களுக்கு அடிக்கும் என்.சி. தின்னரைக் கிட் பிளாஸ்டிக்கில் நேரடியாகப் பாவிக்க வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

தோட்டத்து மண்ணையே தரைக்குப் போட்டேன். மூன்றாம் வாரம் பூஞ்சணம் பூத்துவிட்டது, சிறு பூச்சிகளும் வருகின்றன.
*வாசகர், மட்டக்குளி*

மண் பாவித்தது நல்லதுதான், அதன் நிறத்துக்கு எந்தப் பெயின்டும் ஈடாகாது. பச்சையாகப் பாவித்ததே பிழை. தேயிலை வடிகட்டும் அரிதட்டில் சலித்து, பழைய தாச்சியில் ஆவி முற்றாக நிற்கும் வரை வறுங்கள். ஓவன் இருந்தால் 120 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வையுங்கள். தும்புத்தூளையும் அப்படியே செய்ய வேண்டும்.

கலவை இது: வறுத்த மண் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் கிட்டத்தட்ட அதே அளவு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி, டெட்டோல் ஐந்தாறு துளி. கழுவும் திரவம் இல்லாவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும். 3 மில்லிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் போட்டால் வெடிக்கும். மேடு வேண்டும் என்றால் அடியில் ரிஜிபோம் (பொதிகளில் வரும் வெள்ளை நுரைப் பலகை) வைத்து உயர்த்துங்கள். கொழும்பு ஈரத்தில் காய மூன்று நாள் எடுக்கும், அதுவரை மூடி வைக்க வேண்டாம். உங்கள் பலகையில் பூஞ்சணம் பூத்த பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரப்பைல் மதுசாரத்தைத் தெளித்து வெயிலில் ஒரு நாள் வையுங்கள்.

உதிர்ந்த இலைகளுக்குத் தேயிலைத் தூள் போல வேறொன்றும் வராது. 1 மில்லிமீற்றர் துகள் 1/48 இல் கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர் இலை. ஊற்றி முடித்த சாயத்தூளை நன்றாகக் காய வைத்து வறுத்து, இறக்கை அடியும் உடலும் சேரும் மூலையில், விமானி இருக்கைக்கு அடியில், காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் மட்டும் தூவுங்கள்.

ரிஜிபோம் மேல் ஸ்பிரே அடித்தேன், குழி குழியாகக் கரைந்துவிட்டது.
*வாசகர், கிராண்ட்பாஸ்*

ஸ்பிரேயும் சுப்பர் குளூவும் ரிஜிபோமைத் தின்றுவிடும். முதலில் பைண்டர் கம் இரண்டு பூச்சு கொடுத்து முழுவதும் மூடிய பிறகே அடியுங்கள்.

இலங்கைச் சூழல் தெரிய ஒரு தென்னை மரம் வைக்க விரும்புகிறேன்.
*வாசகர், கல்கிசை*

20 மீற்றர் தென்னை 1/48 இல் 42 சென்ரிமீற்றர் வரும். விமானத்தின் நீளம் அதில் பாதிதான், பார்ப்பவர் கண் மரத்துக்கே போகும். அடிமரத்தின் 8 சென்ரிமீற்றரை மட்டும் முறிந்த குற்றியாக வையுங்கள், இரண்டு காய்ந்த ஓலை போதும். அதைவிட இலுக்குப் புல் நல்ல தெரிவு. ஒரு மீற்றர் புல் 2 சென்ரிமீற்றர். தும்பை நீளவாக்கில் பிரித்து, பத்துப் பன்னிரண்டு நார் சேர்த்து அடியில் ஒட்டி, அடியில் பச்சையும் நுனியில் வைக்கோல் நிறமும் கொடுத்துக் கொத்தாக நடுங்கள். சக்கரங்களைச் சுற்றியும் இறக்கையின் நிழல் ஓரத்திலும் அடர்த்தியாக வளர்ந்திருக்கட்டும். இறக்கைக்கு நேர் அடியில் வெயில் படாததால் புல் குறைவாக இருக்கும்.

விமானத்தைத் தரையில் வைத்தால் ஏனோ மேலே வைத்த பொம்மை போல இருக்கிறது.
*வாசகர், புறக்கோட்டை*

கால்கள் நிமிர்ந்து நிற்பதும் சக்கரம் வட்டமாக இருப்பதும்தான் காரணம். பல வருடம் நின்ற விமானத்தில் காலுக்குள் இருக்கும் எண்ணெயும் காற்றும் கசிந்து கால் அமுங்கிவிடும், இரு பக்கமும் ஒரே அளவில் அமுங்காது. ஒரு காலை 2 மில்லிமீற்றர் குறைத்து வெட்டுங்கள், இறக்கை நுனி தானாகத் தாழும். ரயரின் அடிப்பகுதியைச் சூடான கத்தியின் தட்டைப் பக்கத்தில் அழுத்தி, இரு பக்கமும் பிதுங்கச் செய்யுங்கள். பிறகு சக்கரத்தை மண் கலவை ஈரமாக இருக்கும்போது 2 மில்லிமீற்றர் ஆழம் பதியுங்கள். அதற்குமுன் ரயரைப் பொலித்தீனால் சுற்றினால் குழி காய்ந்ததும் விமானத்தை எடுத்து நிறவேலை செய்து மீண்டும் பொருத்தலாம்.

வயிற்றால் இறங்கிய விமானம் என்றால் விசிறியைக் கவனியுங்கள். உலோக அலகுகள் தரையில் பட்டால் பெரும்பாலும் பின்னோக்கி வளையும். ஹரிக்கேன் மார்க் 2 இல் பொருத்திய ரோட்டால் நிறுவனத்து விசிறிகளில் மர அலகுகள் இருந்தன, அவை வளையாமல் அடியோடு சிதறி முறியும். முறிந்த முனையில் மர நார் தெரிய வேண்டும்.

கண்ணாடி மூடியை ஒட்டியதும் உட்புறம் புகை படிந்தது போல மங்கிவிட்டது.
*வாசகர், பொரளை*

சுப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகங்களுக்கு எப்போதும் பைண்டர் கம் பாவியுங்கள். கைவிடப்பட்ட விமானம் என்பதால் உங்களுக்கு இழப்பில்லை. உண்மையான மூடி செய்யப்பட்ட பேர்ஸ்பெக்ஸ் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளித்து நுண்ணிய வெடிப்புகளால் மங்கும். மங்கிய மூடியின் மேல் மிக நீர்த்த மஞ்சள்பழுப்பை ஓரங்களில் ஏற்றி, ஒரு சட்டத்தில் கண்ணாடியை முற்றாக உடைத்து எடுத்துவிடுங்கள்.

வெளியில் நின்று வெயில் மழை பட்ட உண்மையான விமானத்தைக் கொழும்பில் எங்கே பார்க்கலாம்?
*வாசகர், ஹெந்தளை*

ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே ஹரிக்கேனை எதிர்பார்க்க வேண்டாம், ஜெட் புரொவோஸ்ட், மிக்-17 போன்ற பிற்கால விமானங்களைப் பார்க்கலாம். பராமரிக்கப்படுபவைதான் என்றாலும், தகடுகள் சேரும் கோடு, ஆணித் தலை, வெயிலில் மங்கிய நிறம் ஆகியவற்றை ஒரு முழம் தூரத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும். இறக்கையின் மேற்பக்க நிறத்தையும் அடிப்பக்க நிறத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன் வாசலில் அனுமதி கேளுங்கள்.